அடுத்த பயிற்றுநர் யார்? ஹைதராபாத்தின் பள்ளி ஆசிரியர் ரஹீமின் கதை

ஒரு தேசிய அணி தோற்ற மறுநாள் காலையில் எல்லா ஊர்களிலும் ஒரே கேள்விதான் கேட்கப்படுகிறது. பயிற்றுநரை மாற்ற வேண்டுமா, மாற்றினால் அடுத்தது யார்? மாங்குளம் சந்தியின் தேநீர்க் கடைகளிலும் இதே கதைதான். முல்லைத்தீவுப் பக்கமும் மல்லாவிப் பக்கமும் பேருந்துக்குக் காத்திருக்கும் பெடியள் ஐரோப்பியக் கழகங்களின் பயிற்றுநர்களை ஒவ்வொருவராக விலக்கி, ஒவ்வொருவராக நியமித்து முடித்துவிடுவார்கள். பிறகு பேச்சு நமக்குக் கிட்டவுள்ள அணிகள் பக்கம் திரும்பும்.

கிட்டவுள்ள அணிகளின் கதை அவ்வளவு மகிழ்ச்சியானதல்ல. இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தை 2023 ஜனவரியில் ஃபிஃபா இடைநிறுத்தியது. அந்த ஆண்டு ஓகஸ்டில்தான் தடை நீங்கியது. 2024இல் குவைத்தைச் சேர்ந்த அப்துல்லா அல் முத்தைரி பயிற்றுநரானார். வெளிநாடுகளில் பிறந்து வளர்ந்த இலங்கை வம்சாவளி வீரர்கள் அணிக்குள் அதிகம் வந்தார்கள். வெளிநாட்டுப் பயிற்றுநரா உள்ளூர்க்காரரா, வெளியில் வளர்ந்த வீரரா இங்கே வளர்ந்தவரா என்ற வாக்குவாதமும் அதோடு சேர்ந்து வந்தது.

இந்தியாவில் இந்த விவாதம் இன்னும் சத்தமாக நடக்கிறது. 2025இல் அங்கே பயிற்றுநர் பதவிக்கு 170 பேர் விண்ணப்பித்தார்கள். இறுதிப் பட்டியலில் மூவர் இருந்தார்கள். முன்பு இரண்டு தடவை அப்பதவியில் இருந்த ஆங்கிலேயர் ஸ்டீபன் கொன்ஸ்டன்டைன், ஸ்லோவாக்கியாவின் ஸ்டெஃபான் தர்கோவிச், உள்ளூர்க்காரரான காலித் ஜமீல். ஓகஸ்ட் 1ஆம் திகதி ஜமீல் நியமிக்கப்பட்டபோது ஆதரவாளர்கள் பலர் கொண்டாடினார்கள். ஒக்டோபரில் சிங்கப்பூரிடம் தோற்று 2027 ஆசியக் கிண்ண வாய்ப்பு போனதும் அதே கேள்வி மறுபடி எழுந்தது.

இந்த விவாதங்களில் உள்ளூர்ப் பயிற்றுநருக்காக வாதாடுபவர்கள் கடைசியில் ஒரு பெயரைச் சொல்வார்கள். சையத் அப்துல் ரஹீம். இறந்து 60 ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தப் பதவியின் அளவுகோலாக இருப்பவர். அவருடைய பெயர் சொல்லப்படும் அளவுக்கு அவர் செய்த வேலை பேசப்படுவதில்லை. அந்த வேலை வன்னியில் பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பும் எங்களுக்கும் உரியது என்பதால் இங்கே சொல்கிறோம்.

வகுப்பறையிலிருந்து வந்தவர்

ரஹீம் 1909 ஓகஸ்ட் 17ஆம் திகதி ஹைதராபாத்தில் பிறந்தார். அப்போது அந்த நகரம் பிரித்தானியரின் நேரடி ஆட்சியில் இருக்கவில்லை. நிஜாம் மன்னரின் ஆட்சியில் இருந்தது. உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்த ரஹீம், அங்கே உதைபந்தாட்டக்காரராகவும் பெயர் எடுத்தார். படிப்பு முடிந்ததும் ஆசிரியரானார். காச்சிகுடா உட்பட நகரின் பல பள்ளிகளில் கற்பித்தார். பின்னர் உடற்கல்வியில் டிப்ளோமா பெற்று விளையாட்டுப் பொறுப்பையும் ஏற்றார்.

கடைசிவரை அவருடன் விளையாடியவர்கள் அவரை ரஹீம் சாகிப் என்றே அழைத்தார்கள். அவர் கண்டிப்பானவர், நேரம் தவறாதவர், ஒவ்வொரு வீரரோடும் அவரவர் குணத்துக்கு ஏற்றபடி பேசத் தெரிந்தவர் என்று நினைவுகூர்ந்தார்கள். ஒரு நல்ல வகுப்பாசிரியரைப் பற்றியும் நாங்கள் இதையேதான் சொல்வோம்.

1940களின் முற்பகுதியில் அவர் ஹைதராபாத் உதைபந்தாட்டச் சங்கத்தின் செயலாளரானார். இறக்கும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். சுற்றுப்போட்டிகளை ஒழுங்கு செய்வது, மைதானம் கேட்டு அலைவது, சிறுவர்களைத் தேடிப் பிடிப்பது என்று ஊர்க் கழகச் செயலாளர் ஒருவர் செய்யும் வேலைகள் எல்லாவற்றையும் ஒரு நகரம் முழுவதற்குமாகச் செய்தார்.

1948க்குப் பிறகு

ரஹீமின் விளையாட்டு வாழ்க்கையைச் சொல்லும் கட்டுரைகள் பல 1948ஐத் தாண்டிப் போய்விடுகின்றன. எங்களால் அப்படித் தாண்ட முடியாது. அந்த ஆண்டு செப்டெம்பர் 13ஆம் திகதி இந்திய இராணுவம் ஹைதராபாத் இராச்சியத்துக்குள் நுழைந்தது. ஒரு வாரத்துக்குள் நிஜாமின் படை சரணடைந்து, அந்த இராச்சியம் இந்தியாவோடு இணைக்கப்பட்டது. இராணுவ நடவடிக்கையின்போதும் அதற்குப் பிறகும் பெருந்தொகையான முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். இந்திய அரசு அனுப்பிய சுந்தர்லால் குழு, இறந்தவர்கள் 27,000 முதல் 40,000 வரை இருக்கலாம் என்று மதிப்பிட்டது. அந்த அறிக்கை பல பத்தாண்டுகள் வெளியிடப்படாமலே இருந்தது. இறந்தவர்களின் எண்ணிக்கையே சர்ச்சையாவதும் அறிக்கைகள் அலுமாரிக்குள் போவதும் எப்படிப்பட்டது என்று வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

அது நடந்து இரண்டு ஆண்டுகளில், 1950இல், ஹைதராபாத் நகரப் பொலிஸ் அணியின் பயிற்சி ரஹீமின் கையில் வந்தது. அக்காலத்தில் இந்தியாவில் தொழில்முறை உதைபந்தாட்டம் இல்லை. நன்றாக விளையாடும் இளைஞர் ஒருவருக்குப் பொலிஸிலோ, இராணுவத்திலோ, ரயில்வேயிலோ வேலை கிடைக்கும். அந்தச் சம்பளம் குடும்பத்தைத் தாங்கும். அடிபட்ட ஒரு நகரத்தின் வறிய வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த அணியில் இடம் என்பது கிண்ணத்தைவிடப் பெரிய விடயம்.

கிண்ணங்களும் வந்தன. பம்பாயில் நடந்துவந்த ரோவர்ஸ் கிண்ணத்தை அந்த அணி 1950 முதல் 1954 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ச்சியாக வென்றது. 1950இல் டுராண்ட் கிண்ணமும் அவர்களுக்கே. 1950களின் பிற்பகுதியில் மாநிலங்களுக்கிடையிலான சந்தோஷ் கிண்ணத்தை ஹைதராபாத் அடுத்தடுத்து இரண்டு முறை வென்றது. இந்திய உதைபந்தாட்டத்தின் தலைநகரம் கல்கத்தா என்றிருந்த காலம் அது. மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் கோலோச்சிய ஆட்டத்தில், தெற்கிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியரின் அணி வந்து வென்றுகொண்டிருந்தது.

இடது காலுக்கு ஒரு சுற்றுப்போட்டி

ரஹீம் என்னதான் செய்தார்? அவர் செய்தவற்றில் பல மிக எளிமையானவை. பெரும்பாலான வீரர்கள் ஒரு காலால் மட்டுமே நன்றாக உதைப்பார்கள். ரஹீம் மற்றக் காலால் மட்டுமே பந்தைத் தொடலாம் என்ற விதியோடு போட்டிகளை நடத்தினார். உயர எல்லை வைத்து, சிறுவர்களுக்கும் குள்ளமானவர்களுக்கும் தனிப் போட்டிகள் நடத்தினார். பலமான பெரிய பெடியளுக்குள் சின்னவர்கள் நசுங்கிப் போகாமல், பந்தைக் கையாளும் திறமையை வளர்க்க அது உதவியது. குறைந்த எண்ணிக்கையில் ஆடும் சிறு ஆட்டங்களையும், பந்தை ஒரே தொடுகையில் அடுத்தவருக்குக் கொடுக்கும் பழக்கத்தையும் வலியுறுத்தினார்.

பந்தை வைத்துக்கொண்டு தனியே எல்லோரையும் வெட்டிப் போவதுதான் அக்காலத்து இரசிகர்களுக்குப் பிடித்த ஆட்டம். ரஹீம் பந்தை ஓட விட்டார். முன்களத்தில் ஐவரை நிறுத்தும் பழைய பிரித்தானிய முறையை விட்டு, நான்கு, இரண்டு, நான்கு என்று வீரர்களை நிறுத்தும் முறையை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவராகவும் அவர் நினைவுகூரப்படுகிறார்.

அவர் கண்டெடுத்த பிள்ளைகளில் ஒருவர் துளசிதாஸ் பலராம். 1936இல் செகந்தராபாத்துக்கு அருகே அம்முகுடாவில் வறிய தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். ரஹீம் பயிற்சிக்கு அழைத்தபோது நகரத்துக்குப் போய்வர அவரிடம் காசு இல்லை. வாடகைச் சைக்கிளுக்காக நாளுக்கு ஒரு ரூபாய் ரஹீம் கொடுத்தார் என்பது பலராமின் வாழ்க்கைக் கதைகளில் தவறாமல் வரும் செய்தி. இரண்டு ஒலிம்பிக் போட்டிகளில் ஆடி, இந்தியாவின் மிகச்சிறந்த முன்கள வீரர்களில் ஒருவராகி, 2023இல் பலராம் காலமானார். அந்த ஒரு ரூபாய் இல்லையென்றால் அவருடைய பெயர் நமக்குத் தெரிந்திருக்காது.

வெறுங்காலும் சப்பாத்தும்

1951 மார்ச்சில் முதலாவது ஆசிய விளையாட்டு விழா புதுடில்லியில் நடந்தது. ரஹீம் பயிற்றுவித்த இந்திய அணி இந்தோனேசியாவையும் ஆப்கானிஸ்தானையும் தலா 3-0 என வென்றது. இறுதியாட்டத்தில் சாஹு மேவாலால் அடித்த ஒரே கோலால் ஈரானை வென்று தங்கம் பெற்றது.

அடுத்த ஆண்டே பெரிய அடி விழுந்தது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 எனத் தோற்றார்கள். குளிர் தேசத்தில், பெரும்பாலான இந்திய வீரர்கள் சப்பாத்து இல்லாமல் ஆடினார்கள். உள்நாட்டில் ஆட்டம் 70 நிமிடம்தான். வெளியே போனால் 90 நிமிடம் ஓட வேண்டும். இன்றைய காலமாக இருந்தால் அந்த இரவே பயிற்றுநரின் தலை உருண்டிருக்கும். ரஹீம் தொடர்ந்தார். இந்தியாவில் சப்பாத்து கட்டாயமாக்கப்பட்டது. வெறுங்காலில் பழகிய ஒரு தலைமுறை புதிதாகப் பந்தைத் தொடப் பழக வேண்டியிருந்தது.

நான்கு ஆண்டுகளில் அதன் பலன் தெரிந்தது. 1956 மெல்பேர்ன் ஒலிம்பிக்கில், போட்டியை நடத்திய அவுஸ்திரேலியாவை இந்தியா 4-2 என வென்றது. நெவில் டிசூசா மூன்று கோல்கள் அடித்தார். ஒலிம்பிக் உதைபந்தாட்டத்தில் ஆசியர் ஒருவரின் முதல் ஹட்ரிக் அது. அரையிறுதியில் அதே யூகோஸ்லாவியாவுக்கு எதிராக இந்தியா முதலில் கோல் அடித்து முன்னிலை பெற்றது. பின்னர் 4-1 எனத் தோற்றது. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 3-0 எனத் தோற்று நான்காம் இடம். அந்த அணியில் நூர் முகமது, அசீசுதீன், அகமது ஹுசைன், ஜுல்பிகாருதீன், பலராம் என்று ரஹீமின் ஹைதராபாத் பிள்ளைகள் பலர் இருந்தார்கள்.

1958இல் டோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவுக்கு வேறொருவர் பயிற்றுநராகப் போனார். பதக்கம் கிடைக்கவில்லை. 1960 ரோம் ஒலிம்பிக்குக்கு மறுபடி ரஹீம். ஹங்கேரியிடம் 2-1 எனத் தோல்வி, பிரான்ஸோடு 1-1 எனச் சமநிலை, பெருவிடம் 3-1 எனத் தோல்வி. அதற்குப் பிறகு இந்தியா ஒலிம்பிக் உதைபந்தாட்டத்துக்குத் தகுதி பெற்றதே இல்லை.

ஜகார்த்தா, 1962

ரஹீமின் பெயர் இன்றும் சொல்லப்படுவதற்குக் காரணம் ஜகார்த்தா. 1962 ஆசிய விளையாட்டு விழாவை நடத்திய இந்தோனேசியா, இஸ்ரேலையும் தாய்வானையும் விழாவில் பங்குபற்ற விடவில்லை. ஆசிய விளையாட்டுச் சம்மேளனத்தின் மூத்தவரான இந்தியர் ஜி. டி. சோந்தி அதை வெளிப்படையாக எதிர்த்தார். ஜகார்த்தா கொதித்தது. இந்தியத் தூதரகம் தாக்கப்பட்டது. இந்திய வீரர்கள் மைதானத்துக்குள் வரும்போதெல்லாம் பார்வையாளர்கள் கூச்சலிட்டார்கள். அரசியல் முடிவுகளில் எந்தப் பங்கும் இல்லாத பெடியள் அதன் விலையைக் கொடுக்க வேண்டியிருந்தது.

ஆட்டமும் நன்றாகத் தொடங்கவில்லை. முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 2-0 எனத் தோல்வி. பிறகு தாய்லாந்தை 4-1 எனவும் ஜப்பானை 2-0 எனவும் வென்றார்கள். தாய்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் பின்கள வீரர் ஜர்னைல் சிங்கின் தலை பிளந்தது. தையல் போட வேண்டியிருந்தது. பின்களத்தில் தலையால் பந்தைத் தடுக்க வேண்டியவரின் தலையிலேயே காயம். எந்த இரசிகரும் அவரை வெளியே உட்கார வைக்கச் சொல்வார்.

ரஹீம் அவரை முன்களத்துக்கு அனுப்பினார். உயரமும் பலமும் கொண்ட ஜர்னைலை, எதிரணியின் கோல் வாசலுக்கு முன்னால் நிறுத்தினார். தென்வியட்நாமுக்கு எதிரான அரையிறுதியில் இந்தியா 3-2 என வென்றது. அதில் ஒரு கோல் ஜர்னைலுடையது, மற்ற இரண்டும் தலைவர் சுனி கோஸ்வாமியுடையவை.

செப்டெம்பர் 4ஆம் திகதி இறுதியாட்டம். எதிரணி மறுபடி தென்கொரியா. முந்தைய ஆட்டங்களில் பிரத்யுத் பர்மன் கோல் காத்திருந்தார். இறுதியாட்டத்துக்கு, உயரமான கொரிய வீரர்களைச் சமாளிக்க, பீட்டர் தங்கராஜை ரஹீம் நிறுத்தினார். நீலகிரியில் உள்ள மெட்ராஸ் படைப்பிரிவு மையத்தின் அணியில் ஆடிப் பெயர் பெற்ற தமிழர் அவர். முதல் நாள் இரவு ரஹீம் வீரர்களைக் கூட்டி, தனக்கு ஒரு பரிசு வேண்டும், அது இந்தத் தங்கம்தான் என்று கேட்டதாக வீரர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்தார்கள். அப்போதே அவருடைய உடல் நலிந்திருந்தது. அவர் இடைவிடாமல் புகைப்பவர்.

செனயான் அரங்கில் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் இருந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் இந்தியா தோற்க வேண்டும் என்று கத்தினார்கள். 17ஆவது நிமிடத்தில் பி. கே. பானர்ஜி கோல் அடித்தார். 20ஆவது நிமிடத்தில் ஜர்னைல் சிங், தலைக் காயத்தோடு, இரண்டாவது கோலை அடித்தார். கடைசி நிமிடங்களில் கொரியா ஒரு கோல் அடித்தது. 2-1 என ஆட்டம் முடிந்தது.

ஒன்பது மாதங்களுக்குப் பிறகு, 1963 ஜூன் 11ஆம் திகதி, நுரையீரல் புற்றுநோயால் ரஹீம் இறந்தார். வயது 53.

பெயர் மட்டும் எஞ்சியது

அதன் பிறகு ஆசிய விளையாட்டு விழாவில் இந்திய ஆண்கள் அணி தங்கம் வென்றதில்லை. 1970இல் பெங்கொக்கில் கிடைத்த வெண்கலமே கடைசிப் பதக்கம். 1964 ஆசியக் கிண்ணத்தில் ஆங்கிலேயரான ஹரி ரைட்டின் பயிற்சியில் இரண்டாம் இடம் கிடைத்தது. அதில் ஆடியவர்களிலும் ரஹீம் வளர்த்த தலைமுறையினரே பலர். அவர்கள் ஓய்வு பெற்றபோது பின்னால் வர ஆட்கள் குறைந்துபோனார்கள்.

இரசிகர்களின் விவாதங்களில் தவறிப்போவது இந்த இடம். ரஹீமுக்குப் பிறகு இந்தியாவுக்குப் பயிற்றுநர் கிடைக்காமல் போகவில்லை. ஆங்கிலேயர், குரோஷியர், ஸ்பானியர், உள்ளூர்க்காரர் என்று பலர் வந்து போனார்கள். கிடைக்காமல் போனது ஹைதராபாத்தின் மைதானங்களில் அவர் ஆண்டு முழுக்கச் செய்த வேலையைத் தொடர ஒரு ஆள். மற்றக் காலுக்கான போட்டிகளும், உயர எல்லைப் போட்டிகளும், சைக்கிள் வாடகையும் அவரோடு போயின. ஒரு காலத்தில் தேசிய அணிக்குக் கூட்டங் கூட்டமாக வீரர்களை அனுப்பிய அந்த நகரம், பிறகு அப்படி அனுப்பவே இல்லை. ரஹீம் தேசிய அணியோடு இருந்தது ஆண்டுக்குச் சில வாரங்கள்தான். மீதி நாட்களில் செய்ததுதான் அந்தச் சில வாரங்களில் கிண்ணமானது.

அவருடைய மகன் எஸ். எஸ். ஹக்கீம் 1960 ஒலிம்பிக் அணியில் இருந்தவர், பின்னர் பயிற்றுநராகவும் பணியாற்றினார். 2021இல் காலமானார். இந்தியாவில் பயிற்றுநர்களுக்கான துரோணாச்சாரியார் விருது 1985இல்தான் தொடங்கியது. 2024இல் அஜய் தேவ்கன் நடித்த மைதான் என்ற ஹிந்தித் திரைப்படம் வந்தபோதுதான் பல இளைஞர்கள் ரஹீமின் பெயரையே முதல்முறை கேட்டார்கள்.

எங்கள் மைதானங்கள்

வன்னியில் தேசிய அணி என்ற சொல்லே எல்லோருக்கும் ஒரே பொருளைத் தருவதில்லை. இலங்கை அணி வென்றால் மகிழ்பவர்கள் இருக்கிறார்கள், அது எங்கள் அணியா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். புலம்பெயர்ந்த இளைஞர்கள் தமிழீழம் என்ற பெயரில் அணி சேர்த்து, ஃபிஃபாவுக்கு வெளியே நடக்கும் கொனிஃபா உலகக் கிண்ணத்தில் 2014இல் சுவீடனிலும் 2018இல் லண்டனிலும் ஆடினார்கள். அந்தக் கேள்விக்கு இந்தக் கட்டுரையில் முடிவு சொல்ல முடியாது. ஆனால் எந்தச் சட்டையைப் போட்டு ஆடினாலும், அதற்கு முன் எட்டு வயதிலும் பத்து வயதிலும் பந்தைச் சரியாகத் தொடக் கற்றுக்கொடுக்க ஒருவர் வேண்டும்.

எங்களிடம் மைதானங்கள் இருக்கின்றன. போரில் இறந்தவர்களின் நினைவாகவும் ஊர்ப் பெரியவர்களின் நினைவாகவும் கிண்ணங்கள் வைத்து, அணிக்கு ஏழு பேர், ஒன்பது பேர் என்று கழகங்கள் சுற்றுப்போட்டி நடத்துகின்றன. வெளிநாட்டு உறவுகளின் காசில் சீருடையும் பரிசுத் தொகையும் வருகின்றன. பெரும்பாலும் அவை பெரியவர்களுக்கான போட்டிகள். வெற்றிக் கிண்ணத்தோடு படம் எடுத்ததும் அடுத்த ஆண்டுவரை மைதானம் அமைதியாகிவிடுகிறது. பள்ளிப் பிள்ளைகளோ வலயப் போட்டி நெருங்கும்போது சில வாரம் ஓடி, தோற்றால் அத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். மாலைப் பயிற்சிக்கு நின்றால் கடைசிப் பேருந்து போய்விடும் என்பதற்காகவே விட்டுவிட்ட பிள்ளைகளும் உண்டு. பலராமுக்கு இருந்ததும் இதே பிரச்சினைதான்.

ரஹீம் செய்தவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பெரும் பணம் தேவையில்லை. ஒரு நினைவுக் கிண்ணத்தோடு சேர்த்து 12 வயதுக்குட்பட்டோருக்கு ஒரு சிறு போட்டி. இடது காலால் மட்டும் ஆடும் ஒரு மாலை. தூரத்துப் பிள்ளைகள் நால்வருக்குப் பயிற்சி நாட்களில் வீடு போக ஓட்டோக் காசு. ஏற்கனவே இதைச் சொந்தக் காசில் சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கும் உடற்கல்வி ஆசிரியர்களையும் கழகச் செயலாளர்களையும் உங்கள் ஊரிலும் நீங்கள் அறிந்திருப்பீர்கள். அவர்களுக்கு வலையும் பந்தும் சைக்கிளும் வாங்கிக் கொடுக்க, கொழும்பில் யார் பதவிக்கு வருகிறார் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

தேசிய அணிக்கு அடுத்த பயிற்றுநர் யார் என்று தொடர்ந்து வாதிடுவோம். இரசிகர்களுக்கு அது உரிமை, சுவையும்கூட. அதோடு இன்னொரு கேள்வியையும் கேட்டுப் பார்க்கலாம். இந்தச் சனிக்கிழமை காலை எங்கள் ஊர் மைதானத்தில் பத்து வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கப் போவது யார்?